ஜூன் மாதமும் அந்தப் பையன் வருவானா?

நீங்கள் கேட்டதை முதலில் ஒரு தடவை சொல்லிக்கொள்கிறேன். சேலம் அம்மாபேட்டைப் பக்கம் உங்கள் கிரிக்கெட் கிளப், முப்பது வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. மாவட்ட லீகில் மூன்றாவது டிவிஷன். போன சீசனில் இரண்டு மேட்ச்சில் ஒன்பது பேரோடு இறங்க வேண்டியிருந்தது. ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்கு வயது முப்பத்தைந்துக்கு மேல். அதனால் வரும் ஏப்ரலில் ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு சம்மர் கேம்ப் போட்டு, அதை வைத்து கிளப்பை வளர்க்க முடியுமா, எந்தப் பந்தில் தொடங்குவது, எவ்வளவு வாங்குவது, ஏற்காட்டில் இருக்கும் உங்கள் உறுப்பினர் அங்கேயும் ஒன்று ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கவலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. அடுத்த சீசனுக்குப் பதினோரு பேர் வேண்டும் என்பது ஒன்று. பத்து வருடம் கழித்தும் இந்தப் பெயரில் ஒரு கிளப் இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. பிள்ளைகள் இரண்டாவது கவலைக்குத்தான் மருந்து. இன்றைக்குப் பத்து வயதில் இருக்கிறவன் உங்களோடு லீக் ஆட ஆறு வருடமாவது ஆகும். அடுத்த சீசனுக்கு ஆள் வேண்டுமென்றால் டென்னிஸ் பந்து டீம்களில் ஆடும் பதினேழு, பதினெட்டு வயதுப் பையன்களையும், சேலத்தில் தங்கிப் படிக்கும் கல்லூரி மாணவர்களையும் இப்போதே போய்ப் பாருங்கள். இந்த இரண்டையும் பிரித்துக்கொள்ளாமல் தொடங்கினால், ‘இவ்வளவு செய்தும் டீமுக்கு ஒரு ஆள் வரவில்லையே’ என்று இரண்டாம் வருடமே உங்கள் ஆட்களுக்கு அலுத்துவிடும்.

நான் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். சூரமங்கலம் பக்கம் ஒரு கிளப்பில் இருபத்திரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிள்ளைகளோடு நிற்கிறேன். பெரிய ஆட்டக்காரனாக யாரையும் உருவாக்கியதில்லை. கிளப்புக்கு ஆடுகிறவர்களை உருவாக்கியிருக்கிறேன். கீழே எழுதுவதில் விதிப்புத்தகத்தில் இருப்பதை அப்படியே சொல்கிறேன், என் அனுபவத்தில் மட்டும் நின்று சொல்வதை அப்படியென்று குறிப்பிட்டுவிடுகிறேன்.

கேம்ப்புக்குப் பிள்ளைகள் வருவார்கள். அதைப் பற்றி ஒரு சந்தேகமும் வேண்டாம். பள்ளி லீவு, வீட்டில் செல்போனைப் பிடுங்க முடியாமல் தவிக்கும் அம்மா, டிவியில் ஐபிஎல். ஒரு நோட்டீஸ் அடித்து இரண்டு டியூஷன் சென்டர் வாசலில் ஒட்டினால் போதும். கேள்வி ஜூன் மாதத்தில்தான் இருக்கிறது. எங்கள் முதல் கேம்ப்பின் வருகைப் பதிவேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. அதில் 34 பெயர்கள். பள்ளி திறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் 11. ஐந்து வருடம் கழித்து மிஞ்சியவர்கள் 4. முதலில் படிப்பின் மேல் பழியைப் போட்டேன். அப்புறம் வராமல் போன பையன்களின் வீடுகளுக்கு நேரில் போனேன். கிச்சிப்பாளையத்தில் ஒரு எட்டு வயதுப் பையன் கதவுக்குப் பின்னால் பாதி முகம் தெரிய நின்றுகொண்டு சொன்னான்: “சார், அங்க நின்னுக்கிட்டேதான் இருந்தேன்.”

அவன் சொன்னது கணக்காகவே சரி. பயிற்சிக்கு வலை கட்டிய ஒரே ஒரு நெட், 24 பிள்ளைகள், ஒன்றரை மணி நேரம். ஆளுக்கு நான்கு நிமிடம்கூட வராது. அதிலும் காலில் பேட்ஸ் கட்டி அவிழ்க்கும் நேரம் போனால் மிஞ்சுவது பத்துப் பதினைந்து பந்து. அதில் பாதி வைடு. மீதி நேரமெல்லாம் வரிசையில் நின்று அடுத்தவன் ஆடுவதைப் பார்த்தான். தெருவில் ஆறு பேரோடு ஆடினால் அதே ஒன்றரை மணி நேரத்தில் நூறு தடவை பந்து அவன் கைக்கு வந்திருக்கும். தெருவைவிடக் குறைவாகக் கொடுக்கிற இடத்துக்கு, காசு கட்டி, காலையில் ஆறு மணிக்கு எழுந்து ஒரு பிள்ளை ஏன் வர வேண்டும்? உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் முக்கியமான பதில் இதுதான்: ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காலையில் எத்தனை பந்து கிடைக்கிறது என்று எண்ணுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நாங்கள் இப்போது செய்வதைச் சொல்கிறேன். 24 பேரை நான்கு குழுவாகப் பிரிக்கிறோம். குழுவுக்கு ஆறு பேர், ஒரு மூத்த ஆட்டக்காரர், ஐந்தாறு டென்னிஸ் பந்து. கையைக் கீழிருந்து வீசி லேசாக எறிகிறோம், ஒருவன் மூன்று நிமிடம் அடிக்கிறான், மற்ற ஐந்து பேரும் பிடிக்கிறார்கள், பொறுக்குகிறார்கள், குறி வைத்து எறிகிறார்கள். மூன்று நிமிடத்தில் இருபது பந்து தாராளமாக அடிக்கலாம். இரண்டு சுற்று வந்தால் நாற்பது. முக்கால் மணி நேரத்தில் அது முடிந்துவிடும். மீதி முக்கால் மணி நேரம் மேட்ச். அதைக் கண்டிப்பாக வையுங்கள். பிள்ளை வருவது மேட்ச் ஆடத்தான், முழங்கையை உயர்த்தப் பழக அல்ல.

அந்த மேட்ச்சை ஜோடி ஆட்டமாக வைக்கிறோம். இங்கிலாந்து கிளப்களில் சிறு பிள்ளைகளுக்கு இப்படித்தான் பல காலமாக ஆடுகிறார்கள். நாங்கள் அதை எங்களுக்குத் தகுந்தபடி சுருக்கிக்கொண்டோம். பக்கத்துக்கு ஆறு பேர், மூன்று ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் இரண்டு ஓவர் ஆடும். அவுட் ஆனாலும் வெளியே போக வேண்டாம், டீம் கணக்கில் நான்கு ரன் குறையும், அவ்வளவுதான். டீம் நூறு ரன்னில் தொடங்கும், அதனால் கணக்கு மைனஸுக்குப் போகாது. பந்து போடும் பக்கத்தில் ஆறு பேரும் ஆளுக்கு ஒரு ஓவர் போட்டாக வேண்டும். விக்கெட் கீப்பரும் கிளவுஸைக் கழற்றிவிட்டு ஒரு ஓவர் போடுவான். முதல் பந்திலேயே அவுட்டாகி, பேட்டைத் தரையில் தேய்த்துக்கொண்டு வந்து, மீதி ஒரு மணி நேரம் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பையன் இந்த ஆட்டத்தில் கிடையாது. அந்தப் பையன்தான் ஜூனில் வராமல் போகிறவன்.

அடுத்தது பிட்ச் நீளம். முழு பிட்ச் 20.12 மீட்டர். ஒன்பது வயதுப் பிள்ளை அந்தத் தூரத்துக்குப் பந்தைக் கொண்டுசேர்க்க வேண்டுமென்றால் மேலே தூக்கிப் போட வேண்டும், அல்லது முழங்கையை மடக்கி மாங்கா எறிய வேண்டும். இரண்டுமே பழகிவிட்டால் திருத்துவது பெரும்பாடு. ஆஸ்திரேலிய கிரிக்கெட் வாரியம் சிறுவர் ஆட்டத்தைப் படிப்படியாக வகுத்திருக்கிறது. முதல் படியில் பிட்ச் 16 மீட்டர், பக்கத்துக்கு 7 பேர். அடுத்ததில் 18 மீட்டர், 9 பேர். மூன்றாவதில்தான் முழு நீளமும் பதினோரு பேரும். எங்கள் மைதானத்தில் பிட்சைச் சுருக்கிய முதல் ஞாயிறே வைடு குறைந்தது கண்ணுக்குத் தெரிந்தது. பந்து பேட்டுக்கு வருகிறது, பிள்ளை அடிக்கிறான், பிடிக்க ஒருவன் ஓடுகிறான். இதற்கு ஒரு பைசா செலவில்லை. ஒரு டேப்பும் கொஞ்சம் சுண்ணாம்பும் போதும். பவுண்டரியையும் நாற்பது மீட்டருக்குள் கொண்டுவாருங்கள், நான்கு அடித்த சந்தோஷம் எல்லோருக்கும் ஒரு தடவையாவது கிடைக்கும்.

பேட் விஷயத்தில் பெற்றோரிடம் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். ‘வளர்ற பையன், பெரிசாவே வாங்கிடுவோம்’ என்று செருப்பு வாங்குகிற மாதிரி பேட் வாங்குவார்கள். அண்ணன் பேட்டைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளை கீழ்க்கையால்தான் அதைத் தூக்குவான். எல்லாப் பந்தையும் லெக் பக்கம் வாரித்தான் அடிப்பான். மேல்கையால் மட்டும் பேட்டைப் பிடித்து முன்னால் நீட்டச் சொல்லிப் பாருங்கள். கை நடுங்கினால் அந்த பேட் அவனுக்கு வேண்டாம். கிளப் செலவில் சின்ன அளவு பேட் ஆறு, ஏழு வாங்கிப் பொதுவில் வைப்பதுதான் என் கணக்கில் உங்கள் முதல் செலவாக இருக்க வேண்டும். நெட் கட்டுவதற்கும் முன்னால்.

எந்த வயதில் ஸ்டிச் பால் (தையல் போட்ட கெட்டித் தோல் பந்து) என்பதில் கோச்சுகளுக்குள்ளேயே அடித்துக்கொள்வார்கள். நிச்சயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: கிரிக்கெட் விதிகளே பெரியவர்கள் பந்துக்கு 155.9 முதல் 163 கிராம் என்றும், 13 வயதுக்கு உட்பட்டவர்கள் பந்துக்கு 133 முதல் 144 கிராம் என்றும் தனியாக எடை சொல்கின்றன. சுற்றளவும் சின்னது. ஆகவே பத்து வயதுப் பையன் கையில் பெரியவர்கள் பந்தைக் கொடுப்பது எப்படிப் பார்த்தாலும் தவறு. எந்த வயதில் மாற்றுவது என்பது என் தனிப்பட்ட கருத்து: பத்து வயது வரை டென்னிஸ் பந்து மட்டும், பத்தரை பதினொன்றில் சின்ன ஸ்டிச் பால். அதுவும் பந்தைப் பார்த்து ஒதுங்காமல் நிற்கிறான் என்று தெரிந்த பிறகு. ஒன்பது வயதிலேயே ஸ்டிச் பாலில் நன்றாக ஆடிய பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் விரலில் ஒரு அடி வாங்கி, பயம் உள்ளே போய், அதோடு நின்றுவிட்டவர்கள் அவர்களைவிட அதிகம். ஸ்டிச் பால் என்று வந்துவிட்டால் முகக் கம்பி வைத்த ஹெல்மெட் இல்லாமல் யாரும் பேட் பிடிக்கக் கூடாது, கிட்ட நின்று எறிந்து கொடுக்கும் த்ரோ டவுன் எடுக்கும்போதும்தான். இங்கிலாந்தில் 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை பேட்ஸ்மேனுக்குப் பத்து மீட்டருக்குள் ஃபீல்டிங் நிறுத்தக் கூடாது என்று விதியே இருக்கிறது, ஆஃப் சைடில் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பதைத் தவிர. நாங்களும் அதையே பின்பற்றுகிறோம்.

வேகப்பந்து போடும் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பல வருடம் முன்னால் என்னிடம் ஒரு பையன் இருந்தான். நல்ல உயரம், இழுத்துவிட்ட வில் மாதிரி ஆக்‌ஷன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கு, சனிக்கிழமை இன்னொரு பயிற்சி மையத்துக்கு, ஞாயிறு எங்களுக்கு, சாயங்காலம் ஊர் டென்னிஸ் பால் டோர்னமெண்ட்டுக்கு என்று போட்டுக்கொண்டே இருந்தான். இடுப்புக்கு மேலே வலிக்கிறது என்றான். தைலம் தேய்த்துக்கொண்டு படு, சரியாகிவிடும் என்றேன். இரண்டு மாதம் கழித்து எலும்பு மருத்துவர் முதுகெலும்பில் விரிசல் என்றார். அப்போது அவனுக்குப் பதினைந்து வயது. ஒரு வருடம் பந்தைத் தொடவில்லை, அப்புறம் திரும்பி வரவும் இல்லை. அந்த விரிசலுக்கு நானும் ஒரு காரணம்.

வளர்கிற வயதில் வேகப்பந்து போடுகிறவர்களுக்குக் கீழ்முதுகு எலும்பில் அழுத்தத்தால் விரிசல் வருவது மருத்துவம் நன்றாக அறிந்த விஷயம். இதைத் தடுக்கத்தான் இங்கிலாந்து வாரியம் ஓவர் வரம்பு வகுத்தது. நாங்கள் வைத்திருப்பது அந்தக் கணக்குதான்: 13 வயது வரை ஒரு ஸ்பெல்லுக்கு (ஓய்வெடுக்காமல் தொடர்ந்து போடுவதற்கு) 5 ஓவர், ஒரு நாளைக்கு 10. பதினான்கு, பதினைந்து வயதில் ஸ்பெல்லுக்கு 6, நாளைக்கு 12. உங்கள் மைதானத்தில் மட்டும் எண்ணினால் போதாது. வாரம் முழுக்க எங்கெங்கே போட்டான் என்று ஒரு சின்ன நோட்டில் அவனையே எழுதச் சொல்லுங்கள். பின்னால் வளையும்போது ஒரு பக்கமாக வலிக்கிறது என்று சொன்னால் அன்றோடு நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்புங்கள். வலியை எடைபோடுவது நம் வேலை இல்லை.

பெற்றோர் உங்களிடம் இந்திய வேகப்பந்து வீச்சாளர் நடராஜன் பெயரைச் சொல்வார்கள். சேலம் மாவட்டத்தில் சொல்லாமல் இருக்க மாட்டார்கள், சொல்லவும் வேண்டும். சின்னப்பம்பட்டியில் இருபது வயது வரை டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவர், 2020 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு, பயிற்சியில் மட்டும் பந்து போடும் நெட் பவுலராகப் போய், ஒருநாள், டி20, டெஸ்ட் என்று மூன்றிலும் ஒரே பயணத்தில் அறிமுகமானார். ‘அவர் எந்த கேம்ப்புக்குப் போனார், சின்ன வயசுப் பயிற்சியெல்லாம் தேவையா?’ என்று கேட்பார்கள். ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்து எல்லாப் பிள்ளைக்கும் வழி சொல்ல முடியாது. ஆனால் அவர் கதையில் நமக்கு வேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. டென்னிஸ் பந்தில் அவர் ஆயிரக்கணக்கான ஓவர் ஆசையாகப் போட்டிருக்கிறார், யாரும் அவரை வரிசையில் நிறுத்தவில்லை. பிறகு, ஜெயப்பிரகாஷ் என்று ஒரு ஊர்க்காரர் அவரைக் கவனித்துக் கைப்பிடித்து வெளியே கூட்டிப்போனார். அந்த நன்றிக்குத்தான் ‘ஜேபி நட்டு’ என்று சட்டையில் போட்டுக்கொண்டார். ஊர்ப் பிள்ளைகளுக்காகச் சின்னப்பம்பட்டியிலேயே மைதானமும் அமைத்தார், 2023-ல் அது திறக்கப்பட்டது. நீங்கள் ஆகப்போவது அந்தக் கவனிக்கிற ஆளாக. அதனால் டென்னிஸ் பால் டோர்னமெண்ட்டுக்குப் போகும் பையனைத் திட்டாதீர்கள். ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள்.

சிறு வயதில் ‘திறமை’ என்று நாம் நினைப்பதில் பாதி வெறும் உடம்பு வளர்ச்சி. வயதுப் பிரிவுக்குச் செப்டம்பர் 1-ஐக் கணக்கு வைக்கிறார்கள். செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் ஒரே பிரிவு. கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம், பத்து வயதில் அது மலை மாதிரி. இப்படி மூத்தவர்களே அதிகம் தேர்வாகிறார்கள் என்பது உலகமெங்கும் பல விளையாட்டுகளில் ஆராய்ந்து பார்த்த உண்மை. ஆகவே பன்னிரண்டு வயது வரை ‘ஏ டீம், பி டீம்’ என்று பிரிக்காதீர்கள். சின்னவன் என்று ஒதுக்கப்பட்ட ஆகஸ்டு மாதப் பையன் பதினாறு வயதில் எல்லோரையும்விட உயரமாக நிற்பான், ஆனால் அதற்குள் கேரம்போர்டு ஆடப் போயிருப்பான். பிறப்புச் சான்றிதழை முதல் நாளே வாங்கி வையுங்கள். வயதைக் குறைத்துக் காட்டச் சொல்லிக் கேட்கும் பெற்றோர் ஒருவராவது வருவார். பின்னால் மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயது பார்க்கிறார்கள் என்று அமைதியாகச் சொல்லி அனுப்புங்கள்.

கட்டணம் பற்றிக் கேட்டீர்கள். கேம்ப் முழுக்க ஒரே தொகை என்று வாங்குவதைவிட மாதம் 200, 300 என்று சின்னதாக வாங்குவது நல்லது என்பது என் எண்ணம். கேம்ப் கட்டணம் மே மாதத்தோடு கணக்கை முடித்துவிடும், மாதக் கட்டணம் ஜூனுக்கு இழுத்துவரும். ஆனால் உங்கள் பக்கம் தறி வீடுகளும் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வீடுகளும் அதிகம். வேலை இருக்கும் வாரம் ஒரு மாதிரி, இல்லாத வாரம் ஒரு மாதிரி. கட்ட முடியாத பிள்ளையிடம் பணம் பற்றி மற்றவர் முன்னால் ஒரு வார்த்தை பேசக் கூடாது, செயலாளரும் அப்பாவும் மட்டும் பேசிக்கொள்ள வேண்டும். வெள்ளை உடை கட்டாயம் என்று போடாதீர்கள். அந்த ஒரு வரி பாதி வீடுகளை வாசலிலேயே நிறுத்திவிடும். ஷூ இல்லாவிட்டாலும் டென்னிஸ் பந்து ஆடலாம்.

பெற்றோரைக் கயிற்றுக்கு வெளியே உட்காரவைத்தால் கத்துவார்கள், வேலை கொடுத்தால் கூடவே வருவார்கள். எங்கள் ஸ்கோர் புத்தகத்தை நான்கு வருடம் எழுதியவர் ஒரு பையனின் அம்மா. ஸ்கோர் எழுதுவதை ஒரே காலையில் கற்றுக்கொண்டார். மகன் பத்தாம் வகுப்பில் விலகிய பிறகும் அவர் வந்துகொண்டிருந்தார்.

இனி உங்கள் பெரியவர்கள். குழுவுக்கு ஒருவர் என்றேன், அதற்கு வாரம் நான்கு பேர் வேண்டும். எல்லா வாரமும் அதே நான்கு பேர் என்றால் மூன்று மாதத்தில் ஓய்ந்துவிடுவார்கள். பன்னிரண்டு பேரைப் பிடித்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை என்று முறை போடுங்கள். அவர்கள் நல்ல கோச்சாக இருக்க வேண்டும் என்பதே இல்லை. பிள்ளையின் பெயர் தெரிந்திருக்க வேண்டும். லீக் மேட்ச் அன்று அந்தப் பிள்ளைகளை வரச்சொல்லி, ஸ்கோர் போர்டில் எண் மாற்றவும் தண்ணீர் கொண்டுபோகவும் விடுங்கள். போன ஞாயிறு தனக்குப் பந்து எறிந்த அண்ணன் இன்று பேட் பிடித்து நிற்பதைப் பார்க்கும்போதுதான் அது ‘நம்ம கிளப்’ ஆகிறது. ஐபிஎல் டீமுக்கு நிறைய சட்டைகள் இருக்கின்றன, அம்மாபேட்டை கிளப்புக்கு ரசிகர்கள் இந்தப் பிள்ளைகள் மட்டும்தான். வாழப்பாடிப் பக்கம் 2020-ல் திறந்த சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானத்தில் டிஎன்பிஎல் (தமிழ்நாடு பிரீமியர் லீக்) ஆட்டங்கள் நடந்திருக்கின்றன. அப்படி ஒன்று வரும்போது ஒரு வேன் பிடித்துக் கூட்டிப்போங்கள், வருடம் முழுக்க அதையே பேசுவார்கள்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் என் அனுபவம் சிறியது, அதனால் கண்டதை மட்டும் சொல்கிறேன். ஒரே ஒரு பெண் பிள்ளை வந்தால் இரண்டு வாரத்தில் நின்றுவிடுகிறாள். மூன்று பேர் சேர்ந்து வந்தால் தொடர்ந்து வருகிறார்கள். பன்னிரண்டு வயது வரை பையன்களோடு கலந்தே ஆடலாம், ஒரு தொந்தரவும் வந்ததில்லை. மைதானத்தில் பூட்டுப் போட்ட சுத்தமான கழிப்பறை இல்லையென்றால் மற்ற முயற்சி எதுவும் பலிக்காது. 2025 நவம்பரில் இந்தியப் பெண்கள் உலகக் கோப்பையை வென்ற பிறகு அப்பாக்களே மகளைக் கூட்டிக்கொண்டு வந்து கேட்கிறார்கள். நான் முன்பு பார்க்காத காட்சி அது.

பாதுகாப்பில் விட்டுக்கொடுக்க முடியாத சில விஷயங்கள் உண்டு. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேர். பிள்ளைகளுக்கு நேராக வாட்ஸ்அப் அனுப்பக் கூடாது, பெற்றோர் குழுவில் மட்டும். 2012 போக்சோ சட்டப்படி 18 வயதுக்கு உட்பட்ட எல்லோரும் குழந்தைகள், தவறு நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098-ஐ கிட் அறைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். ஏப்ரல், மே வெயிலில் ஆறரைக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடித்துவிடுங்கள். கோடை மழைக்கு இடி கேட்டால் உடனே மைதானத்தைவிட்டு வெளியே, கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் வரை உள்ளே வரக் கூடாது. வேப்பமரத்தடியில் ஒதுங்கவும் கூடாது.

பத்தாம் வகுப்பில் எல்லோரும் போய்விடுவார்கள். அதற்கு முழுத் தீர்வு என்னிடம் இல்லை. ஓரளவு பலித்தது ஒன்று: ‘இனி வரவில்லை, நின்றுகொள்கிறேன்’ என்று சொல்ல வரும் பையனிடம், நிற்க வேண்டாம், மாதம் ஒரு ஞாயிறு வந்து சின்னப் பிள்ளைகளுக்கு அம்பயராக நில், பரீட்சை முடிந்த மறுநாள் நெட்ஸில் உனக்கு இடம் இருக்கிறது என்று அப்பா முன்னாலேயே சொல்லுங்கள். கிட் பையில் அவன் பெயரை அழிக்காதீர்கள். பதிவேட்டில் மிஞ்சிய அந்த நால்வரில் இரண்டு பேர் இப்படித்தான் திரும்பி வந்தார்கள். இப்போது ஒருவன் எங்கள் லீக் டீமில் முதல் விக்கெட்டுக்கு இறங்குகிறான்.

கடைசியாக ஏற்காடு. அங்கே உங்கள் கிளப்பின் கிளை என்று ஒன்றைத் திறக்காதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வாராவாரம் போய்வர உங்கள் ஆட்களால் ஆகாது, ஆறு மாதத்தில் பாதியில் விட்ட பெயர்தான் மிஞ்சும். சேர்வராயன் மலையில் சமதரையான இடம் அபூர்வம், இருப்பதும் பெரும்பாலும் பள்ளிகளுக்குள் இருக்கிறது. பனி இறங்கிவிட்டால் எதிர் முனை ஸ்டம்ப் தெரியாது. ஆனால் மேலே இருக்கிற உங்கள் உறுப்பினர், ஒரு பி.டி. சாரையும் (உடற்கல்வி ஆசிரியர்) ஒரு அரசுப் பள்ளி வாசலையும் பிடித்துக்கொண்டால் மலையாளிப் பழங்குடி கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மாதம் இரண்டு காலை ஜோடி ஆட்டம் நடத்தலாம். அதற்கு முழு மைதானம் தேவையில்லை, பதினாறு மீட்டரும் கொஞ்சம் திறந்த இடமும் போதும். மேலே ஒரு பி.டி. சாரிடம் நான் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்கிறேன்: சரிவான இடத்தில் பேட்ஸ்மேனைத் தாழ்வான முனையில் நிறுத்தி மேட்டை நோக்கி அடிக்கச் சொல்லுங்கள். அடித்த பந்து தானே உருண்டு திரும்பி வரும். மாற்றி நிறுத்தினால் காபித் தோட்டத்துக்குள் போய்விடும், தேடவே பாதிக் காலை போகும். எப்படியானாலும் ஒரு டஜன் பந்து கூடுதலாக எடுத்துப்போகச் சொல்லுங்கள். வருடத்துக்கு ஒரு தடவை அந்தப் பிள்ளைகளைக் கீழே அழைத்து உங்கள் பிள்ளைகளோடு ஆடவிடுங்கள், அடுத்த தடவை நீங்கள் மேலே போங்கள். அந்தப் பயணத்துக்கு வேன் வாடகையை மட்டும் இப்போதே கணக்கில் ஒதுக்கி வையுங்கள்.